கோப்புப் பேணும் சிறு கருவிகளின் வரலாறு

பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு மாணவனின் பெயர் ஏறுகின்றது. சில வேளை திருத்தப்படுகின்றது. அவன் பள்ளியை விட்டு நீங்கும்பொழுது அடிக்கப்படுகின்றது. பெயரை அடித்துவிட்டதனால் மாணவன் இல்லாமற் போய்விடுவதில்லை. பெயர் வேறு, பெயருக்குரியவன் வேறு. இந்த எளிய உண்மையைக் கணினி உலகம் எவ்வாறு கண்டது, எங்கெங்கே மறந்தது, மறந்தவிடத்து என்ன விலை கொடுத்தது என்பதே கோப்புகளையும் அடைவுகளையும் ஆளும் செயற்கூறுகளின் வரலாறு ஆகும்.

நிரல் எழுதுவோர் அடிக்கடி அழைக்கும் செயற்கூறுகளுள் பல, பெருங்கணக்குப் போடுவன அல்ல. ஓர் அடைவை உண்டாக்கு, அதிலுள்ளவற்றைப் பட்டியலிடு, ஒன்றற்குப் பெயர் மாற்று, ஒன்றைப் படியெடு, வேண்டாததை நீக்கு என்னும் சில்லறை வேலைகளைச் செய்வன அவை. வீட்டைப் பெருக்குவது போன்ற வேலையாதலின் அவற்றைப் பற்றிப் பேசுவார் குறைவு. ஆயினும் ஓராண்டு உழைப்பை ஒரு நொடியில் அழிக்க வல்லவை இவையே. ஆதலின் இவற்றின் வரலாறு அறியத்தக்கதாகும்.

தமிழில் இப்பொருள் பற்றி வழங்கும் இரண்டு சொற்களை முதற்கண் நோக்குதல் நன்று. கோப்புகளை வைக்கும் இடத்தைக் கோப்புறை என்று கூறுவோர் உளர். அடைவு என்று கூறுவோரும் உளர். கோப்புறை என்பது ஒரு பையை நினைவூட்டுகின்றது. உள்ளே தாள்கள் செருகி வைக்கப்பட்டிருப்பது போன்ற தோற்றத்தைத் தருகின்றது. அடைவு என்பதோ, சொல்லடைவு, பாட்டு முதற்குறிப்பு அடைவு என்று தமிழாசிரியர் நன்கறிந்த சொல். ஒழுங்குபட அமைந்த பட்டியலை அது குறிக்கும். கணினிக்குள் இருப்பது பை அன்று, பட்டியலே. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயரும், அப்பெயருக்குரிய கோப்பின் எண்ணும் இருக்கின்றன. அவ்வளவே. கோப்பின் உள்ளடக்கம் வேறோரிடத்தில் இருக்கின்றது. எனவே அடைவு என்னும் சொல்லே இங்கு ஆளப்படுகின்றது.

மரம் முளைத்த இடம்

அடைவுக்குள் அடைவு, அதற்குள் மற்றோர் அடைவு என மரம்போற் கிளைக்கும் அமைப்பை விரிவாக வகுத்துக் கூறியோர் டேலி, நியூமன் என்னும் இருவர். மல்டிக்ஸ் என்னும் பெரிய இயங்குதளத்துக்காக அவர்கள் எழுதிய கட்டுரை 1965ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடைபெற்ற கணினி மாநாடொன்றில் படிக்கப்பெற்றது. மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகம், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம், பெல் ஆய்வுக்கூடம் ஆகிய மூன்றும் கூடி எடுத்த முயற்சி மல்டிக்ஸ். வேலை நீண்டுகொண்டே போகக் கண்ட பெல் ஆய்வுக்கூடத்தார் 1969இல் அதினின்று விலகிக்கொண்டனர்.

விலகி வந்தோருள் கென் தாம்சன், டென்னிசு ரிட்சி என்னும் இருவர் அடங்குவர். அவர்களும் ரட் கேனடே என்பாரும் நியூ ஜெர்சி மாநிலத்து மர்ரே ஹில்லில் கோப்பமைப்பு ஒன்றைக் கரும்பலகையில் வரைந்து திட்டமிட்டனர். பயனின்றிக் கிடந்த பிடிபி-7 என்னும் சிறு கணினியொன்றில் அதே 1969இல் தாம்சன் அதனை இயக்கிக் காட்டினார். யூனிக்ஸ் பிறந்த கதை இதுவே.

அம்முதற் குழந்தைக்கு ஒரு பெருங்குறை இருந்ததைப் பின்னாளில் ரிட்சியே எழுதியிருக்கின்றார். கணினி ஓடிக்கொண்டிருக்கும்பொழுது புதிய அடைவை உண்டாக்க வழியில்லை. கோப்பமைப்பு முழுவதையும் தாள்நாடாவிலிருந்து மீண்டும் ஏற்றும் வேளையில் மட்டுமே அடைவுகளை உண்டாக்க முடிந்தது. ஆகவே இருக்கும் அடைவுகளைக் கொண்டே காலந்தள்ள வேண்டியதாயிற்று. இன்று ஒரு சிறுவன் விளையாட்டாக நூறு அடைவுகளை உண்டாக்கி நூறையும் அழிக்கின்றான். அன்று அதனை ஆக்கியோனுக்கே அவ்வுரிமை இல்லை. மேலும், சாய்கோடு இட்டுப் பாதை கூறும் வழக்கமும் அப்பொழுது இல்லை. இருக்கும் அடைவிலுள்ள பெயரைத்தான் சொல்லலாம். வேறோர் அடைவிலுள்ளதை வேண்டுவோர் அங்கே பெயர்ந்து செல்ல வேண்டும். இக்குறைகள் பிடிபி-11 கணினிக்கு மாறிய பின்னரே நீங்கின. யூனிக்ஸின் முதற் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தது.

உயிர் நீங்கிய சொற்கள்

அக்காலத்துத் தட்டச்சு முனையங்கள் மெதுவானவை, விசைகளும் கடினமானவை. ஆதலின் கட்டளைச் சொற்களைச் சுருக்கினர். நகர்த்து என்னும் பொருளுடைய மூவ் என்பதை இரண்டே எழுத்தாக எம்வி என்றனர். நீக்கு என்னும் பொருளுடைய ரிமூவ், ஆர்எம் ஆயிற்று. அடைவை உண்டாக்கு என்பது எம்கேடிர். உயிரெழுத்துகளை உதிர்த்துவிட்டு மெய்யெழுத்துகளை மட்டும் நிறுத்திக்கொண்ட விந்தை இது. உயிரின்றி மெய் இயங்காது என்னும் நம் இலக்கணம் மர்ரே ஹில்லில் செல்லவில்லை போலும்! கோப்பை உண்டாக்கும் செயற்கூற்றுக்குக் கிரியேட் என்னும் ஆங்கிலச் சொல்லையே வைத்தனர். ஆனால் அதன் ஈற்றெழுத்தை விட்டுவிட்டனர். யூனிக்ஸை மீண்டும் ஆக்குவதாயின் எதனை மாற்றுவீர் என்று தாம்சனைக் கேட்டபொழுது, அவ்வீற்றெழுத்தைச் சேர்த்துக்கொள்வேன் என்று அவர் விடையிறுத்ததாக ஒரு செய்தி வழங்குகின்றது.

இச்சொற்களுள் ஒன்று மட்டும் ஆழ்ந்த பொருளுடையது. கோப்பை நீக்கும் உட்கரு அழைப்புக்கு அவர்கள் 'அழி' என்று பெயரிடவில்லை. 'இணைப்பை அவிழ்' என்னும் பொருள்பட அன்லிங்க் என்று பெயரிட்டனர். காரணம் வெளிப்படை. ஒரே கோப்புக்கு இரண்டு மூன்று பெயர்கள், வெவ்வேறு அடைவுகளில் இருத்தல் கூடும். ஒரு பெயரை அவிழ்த்தால் மற்றவை நிற்கும். கடைசிப் பெயரும் அவிழ்ந்து, அக்கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல் யாதொன்றும் இல்லையென்றான பின்னரே கோப்பு மெய்யாகவே மறைகின்றது. பதிவேடு வேறு, மாணவன் வேறு என்று மேலே கூறியது இதுவே.

1989இல் சி மொழிக்கு அமெரிக்கத் தரம் வகுத்தோர் இந்தச் சொல்லை ஏற்கவில்லை. ரிமூவ் என்று மாற்றிக்கொண்டனர். யூனிக்ஸ் அல்லாத கணினிகளில் ஒரு கோப்புக்குப் பல பெயர் என்னும் கொள்கையே இல்லாதிருக்கலாம்; அங்கே அவிழ்ப்பதற்கு யாது உளது? எனவே அவர்கள் செய்தது முறையே. எனினும் அன்லிங்க் என்ற சொல் தாங்கி நின்ற உண்மை, ரிமூவ் என்னும் சொல்லில் மறைந்து போயிற்று. பொதுமை வேண்டித் தேர்ந்த சொல் நுட்பத்தை இழப்பது மொழி வரலாற்றிலும் நிகழ்வதே.

அத்தரத்தில் அடைவுகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. கோப்பை நீக்கலாம், பெயர் மாற்றலாம்; அடைவை உண்டாக்கவோ பட்டியலிடவோ சி மொழியின் தரநூலகத்தில் வழியில்லை. எல்லாக் கணினிகளிலும் அடைவு இருக்கும் என்று அன்று உறுதி கூற இயலவில்லை. அக்குறையை 1988இல் வெளிவந்த போசிக்ஸ் என்னும் இயங்குதளத் தரமே நிரப்பியது.

அடைவு உண்டாக்கியவன் கடவுச்சொல்லைக் கவர்ந்தது

1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அடைவு உண்டாக்கும் வேலை எவ்வாறு நடந்தது என்பதைச் சற்று விரிவாகக் காணல் வேண்டும். ஏனெனில் பின்வந்த பிழைகள் பலவற்றுக்கு அஃது எடுத்துக்காட்டாக நிற்கின்றது.

ஏழாம் பதிப்பின் உட்கருவில், எளிய பயனர் ஒருவர் அடைவை உண்டாக்குவதற்கென்று தனி அழைப்பு இல்லை. வெற்று அடைவை நிறுவும் பொதுவான அழைப்பொன்று இருந்தது. அது முழு உரிமை பெற்ற மேலாளருக்கு மட்டுமே உரியது. ஒவ்வோர் அடைவிலும் இரண்டு வரிகள் இருத்தல் கட்டாயம். ஒற்றைப் புள்ளி தன்னையே சுட்டும். இரட்டைப் புள்ளி தாய் அடைவைச் சுட்டும். இவ்விரண்டையும் எழுதுவதும் மேலாளரின் உரிமையே. கண்டவரும் அடைவுகளை இணைத்தால் மரம் மரமாக நில்லாது வளையமாகிவிடும் என்னும் அச்சமே அதற்குக் காரணம்.

எனவே எம்கேடிர் என்னும் நிரலை எழுதி, யார் அழைத்தாலும் மேலாளரின் உரிமையோடு அஃது இயங்குமாறு செய்தனர். அந்நிரல் முதலில் வெற்று அடைவை நிறுவும். அவ்வமயம் அவ்வடைவு மேலாளருக்கு உரியது. பின்னர், "இப்பெயருடையதை, அழைத்த பயனருக்கு உரியதாக்கு" என்று உட்கருவைக் கேட்கும். அதன்பின் இரு புள்ளி வரிகளையும் எழுதும்.

இங்கேதான் ஓட்டை இருந்தது. முதற் படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையே ஒரு கணம் உண்டு. கணினி பலர்க்கும் பொதுவாதலின் அக்கணத்தில் வேறொரு நிரல் இயங்குதல் கூடும். வஞ்சகன் ஒருவன் அவ்விடைவேளையில் புதிய அடைவின் பெயரை நீக்கிவிட்டு, அதே பெயரில் கணினியின் கடவுச்சொற் கோப்பை இணைத்துவிட்டால்? எம்கேடிர் நிரல் ஒன்றும் அறியாது, "இப்பெயருடையதை இப்பயனருக்கு உரியதாக்கு" என்று கேட்கும். பெயர் அதே பெயர்; பொருள் மட்டும் மாறிவிட்டது. கடவுச்சொற் கோப்பு வஞ்சகனின் உடைமையாகும். அதன்பின் கணினி முழுவதும் அவன் கையில்.

தேர்வு மண்டபத்தில் மாணவன் ஒருவனை வாயிலில் அடையாளம் கண்டு உள்ளே விட்ட ஆசிரியர், இருக்கை எண்ணை மட்டும் பார்த்து விடைத்தாளை வாங்கிக்கொள்வதை ஒத்தது இது. இடையே இருக்கையில் அமர்ந்தவன் மாறியிருந்தால் ஆசிரியர் அறியார்.

இதற்கு மருந்து கண்டவர்கள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலிக் குழுவினர். 1983இல் அவர்கள் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி என்னும் யூனிக்ஸ் வகையில், அடைவை உண்டாக்கல், நீக்கல், பெயர் மாற்றல் ஆகிய மூன்றும் உட்கருவின் தனி அழைப்புகளாயின. மூன்று படிகள் ஒன்றாயின, இடைவேளை ஒழிந்தது. எம்கேடிர் நிரலுக்கு மேலாளர் உரிமை தேவையில்லாமற் போயிற்று. அதே பதிப்பில்தான் பெயரின் நீளம் 14 பைட்டிலிருந்து 255 பைட்டாக உயர்ந்தது. இவ்வெண்ணைத் தமிழர் நினைவில் வைத்தல் வேண்டும். காரணம் பின்னர்க் காணப்படும்.

பெயர் மாற்றம் என்னும் பெருஞ்செயல்

அம்மூன்றனுள் பெயர் மாற்றமே மிக்க பயனுடையது எனலாம். முன்னாளில் பழைய கோப்பின் இடத்தில் புதியதை வைப்பதற்கு மூன்று அழைப்புகள் வேண்டியிருந்தன. பழைய பெயரை அவிழ்க்க வேண்டும். புதிய கோப்பை அப்பெயரில் இணைக்க வேண்டும். பின்னர்ப் புதிய கோப்பின் தற்காலிகப் பெயரை அவிழ்க்க வேண்டும். முதல் அழைப்பு முடிந்ததும் மின்சாரம் நின்றால், வேண்டிய பெயரில் ஒன்றும் இராது. மக்கூசிக், ஜாய், லெஃப்லர், ஃபேப்ரி ஆகிய நால்வரும் 1984இல் எழுதிய கட்டுரையில் இக்குறையைச் சுட்டியே ரீநேம் என்னும் அழைப்பை விளக்குகின்றனர். அவ்வழைப்பு வந்தபின், அப்பெயரைத் திறப்பவர் பழையதைக் காண்பர், அல்லது புதியதைக் காண்பர்; இரண்டுங்கெட்ட நிலையைக் காணமாட்டார்.

தொகுப்பிகளும் தரவுத்தளங்களும் இவ்வொரு செயலின்மேல் நம்பிக்கை வைத்துத் தம் வேலையை அமைத்துக்கொண்டன. புதியதைத் தனிப்பெயரில் எழுது. எழுதி முடித்தபின் பெயரை மாற்று. இதனைவிட எளிய பாதுகாப்பு முறை வேறில்லை.

ஆயினும் 2009இல் அந்நம்பிக்கைக்கு ஓர் அதிர்ச்சி நேர்ந்தது. லினக்ஸ் கணினிகளில் ஈஎக்ஸ்டி4 என்னும் புதிய கோப்பமைப்பு பரவத் தொடங்கிய காலம் அது. கணினி திடீரென நின்று மீண்டும் எழுந்தபொழுது, சிலருடைய அமைப்புக் கோப்புகள் பெயரோடு இருந்தன. உள்ளே ஒன்றுமில்லை, நீளம் சுழி. விரைவு கருதி உள்ளடக்கத்தை வட்டில் எழுதுவதை ஈஎக்ஸ்டி4 சற்றுத் தள்ளி வைத்தது. பெயர் மாற்றமோ முன்னரே வட்டில் ஏறிவிட்டது. பெயர் புதிய கோப்பைச் சுட்டுகின்றது; புதிய கோப்பின் உடலோ இன்னும் பிறக்கவில்லை. அதனை ஆக்கியோருள் தலையாயவரான தியடோர் சோ, பெயர் மாற்றுமுன் உள்ளடக்கத்தை வட்டில் ஏற்றுமாறு கேட்பது நிரலாசிரியரின் கடமை என்று வாதிட்டார். தரநூலின்படி அவர் கூறியது சரியே. நெடுநாள் வழக்கத்தை நம்பி எழுதியோர் அதனை ஒப்பவில்லை. வாதம் சூடாகவே நடந்தது. இறுதியில் சோவே, பெயர் மாற்றும் வேளையில் உள்ளடக்கமும் உடன் ஏறுமாறு ஈஎக்ஸ்டி4ஐத் திருத்தி அமைத்தார். இலக்கணம் ஒருபுறமும் உலக வழக்கு மற்றொருபுறமும் நின்று வழக்காடியபொழுது, இலக்கணம் அறிந்தவரே வழக்குக்கு இடங்கொடுத்த நிகழ்ச்சி அது.

நிரல்மொழிகள் செய்தது

சி மொழிக்குப் பின் வந்த மொழிகள் இவ்வழைப்புகளைத் தத்தம் போக்கில் ஏற்றன. லாரி வால் 1987இல் வெளியிட்ட பெர்ல் மொழியில் அன்லிங்க், ரீநேம், எம்கேடிர் ஆகியவை மொழியின் உட்சொற்களாகவே அமைந்தன. 1996இல் வந்த ஜாவா மொழி வேறு வழி சென்றது. அதில் பெயர் மாற்றும் செயற்கூறு ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே விடை கூறும். ஏன் இல்லை என்று கேட்டால் வாய் திறவாது. உரிமை இல்லையா, இடம் இல்லையா, பெயர் முன்னரே உளதா என்பதை நிரலாசிரியர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். தவறிய மாணவனுக்குக் குறுக்குக்கோடு மட்டும் இட்டுவிட்டுக் காரணம் கூறாத ஆசிரியரை இது நினைவூட்டும். காரணத்தோடு கூடிய புதிய செயற்கூறுகள் 2011இல் ஜாவா ஏழாம் பதிப்பில்தான் வந்தன.

குவிடோ வான் ரோசம் என்னும் டச்சு அறிஞர் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு நிலையமொன்றில் 1989 இறுதியில் தொடங்கி 1991இல் வெளியிட்ட பைத்தான் மொழி, இச்செயற்கூறுகளை இரண்டு அடுக்காக வைத்தது. ஓஎஸ் என்னும் தொகுதியில் உட்கரு அழைப்புகள் அப்படியே இருக்கும். எஸ்எச்யூட்டில் என்னும் தொகுதியில், கோப்பைப் படியெடுத்தல், மரத்தையே படியெடுத்தல், மரத்தையே நீக்குதல், ஓரிடம் விட்டு ஓரிடம் நகர்த்துதல் போன்ற கூட்டுச் செயல்கள் இருக்கும். இப்பிரிவு மிக நன்று. முன்னது ஒரே படியில் முடிவது. பின்னது பல படிகளாலானது, ஆதலின் நடுவில் முறியக்கூடியது. நகர்த்தும் செயற்கூறு இதற்குச் சான்று. ஒரே வட்டுக்குள் நகர்த்தினால் அது வெறும் பெயர் மாற்றம், கணத்தில் முடியும். வேறு வட்டுக்கு நகர்த்தினால் முழுதும் படியெடுத்துப் பின்னர்ப் பழையதை நீக்கும். அழைப்பவர்க்குச் சொல் ஒன்றே, செயல் இரண்டு.

அடைவு உண்டாக்கலில் பழைய பிழை புது வடிவில் தலைகாட்டியதும் பைத்தான் நிரல்களில்தான் காணலாம். "இவ்வடைவு இருக்கின்றதா? இல்லையெனில் உண்டாக்கு" என்று இரண்டு வரி எழுதுவது பலர்க்கும் பழக்கம். கேள்விக்கும் செயலுக்கும் இடையே மற்றொரு நிரல் அதே அடைவை உண்டாக்கிவிட்டால், இந்நிரல் பிழையென்று நின்றுவிடும். 2011இல் வந்த பைத்தான் 3.2இல், "முன்னரே இருப்பினும் குற்றமில்லை" என்று ஒரே அழைப்பில் கூறும் வசதி சேர்க்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டில் ரீப்ளேஸ் என்னும் செயற்கூறு வந்தது. யூனிக்ஸில் பெயர் மாற்றம் முன்னிருந்த கோப்பின்மேல் ஏறி அமரும். விண்டோஸில் அதே அழைப்பு மறுத்துவிடும். ஒரே பெயர் ஈரிடத்து ஈரியல்பு காட்டுவதைத் தவிர்க்கவே இப்புதிய சொல்.

பாதைகளைப் பிரிக்கும் குறியும் இவ்வாறே தொல்லை தந்தது. மல்டிக்ஸ் அம்புமுனையை இட்டது. யூனிக்ஸ் முன்சாய்கோட்டை இட்டது. 1983இல் அடைவுகளை ஏற்ற எம்எஸ்-டாஸ் இரண்டாம் பதிப்பில் அக்கோடு முன்னரே வேறு வேலைக்கு ஒதுக்கப்பட்டிருந்தமையின் பின்சாய்கோட்டை இட்டனர். இரண்டு பாதைத் துண்டுகளை ஒட்டுவதற்கென்றே ஒரு செயற்கூறு வேண்டியதாயிற்று. அதிலும் ஒரு பொறி உண்டு: பைத்தானில் இரண்டாம் துண்டு சாய்கோட்டில் தொடங்கினால் முதற்றுண்டு முழுதும் கைவிடப்படும்! பாதையை வெறும் எழுத்துத் தொடராகக் கொள்ளாது தனிப்பொருளாகக் கொள்ளும் பாத்லிப் என்னும் தொகுதியை அந்துவான் பித்ரு முன்மொழிய, 2014இல் பைத்தான் 3.4 அதனை ஏற்றது.

மரத்தை வேரோடு நீக்குதல்

இச்செயற்கூறுகளுள் அஞ்சத்தக்கது மரநீக்கமே. பைத்தானில் அதற்கு ஆர்எம்ட்ரீ என்று பெயர். அடைவுக்குள் இறங்கி, கிளைகளை ஒவ்வொன்றாய் நீக்கி, இறுதியில் அடைவையே நீக்குவது அதன் வேலை.

4.2 பிஎஸ்டியில் வந்த மற்றொரு புதுமை இங்கே குறுக்கிடுகின்றது. குறியீட்டு இணைப்பு என்பது அது. ஒரு பெயர் கோப்பைச் சுட்டாது, "அங்கே போய்ப் பார்" என்று வேறொரு பாதையைச் சுட்டி நிற்கும். மரநீக்கி இத்தகைய பெயரைக் கண்டால் அப்பெயரை மட்டும் நீக்க வேண்டுமேயன்றிச் சுட்டிய இடத்துக்குப் போய் அங்குள்ளவற்றை நீக்கலாகாது. ஆகவே செயற்கூறு முதலில் கேட்கும்: "இது மெய்யான அடைவா, குறியீட்டு இணைப்பா?" மெய்யான அடைவு என்று விடை வந்தால் உள்ளே இறங்கும். கேள்விக்கும் இறக்கத்துக்கும் இடையே, வஞ்சகன் அவ்வடைவை அகற்றிவிட்டு அதே பெயரில் ஒரு குறியீட்டு இணைப்பை வைத்தால், மேலாளர் உரிமையோடு ஓடும் நிரல் பிறருடைய கோப்புகளைத் துடைத்துவிடும். 1979இன் எம்கேடிர் கதையே மீண்டும் வந்துவிட்டது.

இதற்குரிய மருந்து, பெயரை ஒருமுறை மட்டுமே நம்புவது. அடைவை ஒருமுறை திறந்து கையிற் பிடித்துக்கொள்ள வேண்டும். அதன்பின், "என் கையிலிருக்கும் இவ்வடைவினுள் இன்ன பெயரை நீக்கு" என்று கேட்க வேண்டும். வெளியே பெயரை யார் மாற்றினும் கையிலிருப்பது மாறாது. அவ்வாறு கேட்பதற்குரிய உட்கரு அழைப்புகள் போசிக்ஸ் தரத்தில் 2008இல் இடம்பெற்றன. அவ்வழைப்புகள் உள்ள கணினிகளில் இவ்வஞ்சனைக்கு இடங்கொடாத மரநீக்கியைப் பைத்தான் 2012இல், 3.3 பதிப்பில் அமைத்தது. நினைவகப் பிழைகளைத் தடுப்பதையே உயிராகக் கொண்ட ரஸ்ட் மொழியின் தரநூலகத்திலும் இவ்வோட்டை இருந்தது 2022 சனவரியில் வெளியாயிற்று, 1.58.1 பதிப்பு அதனை அடைத்தது. ஏழாம் பதிப்புக்கும் அதற்கும் இடையே 43 ஆண்டுகள். மொழி எத்துணைப் புதியதாயினும், கேள்வியையும் செயலையும் வேறுபிரித்தவனை அது காப்பதில்லை.

கோப்பு என்னும் பெயரிட்ட கோப்பு

இவ்வரலாற்றில் தமிழுக்கு இடமுண்டா என்று கேட்பார் இருக்கலாம். உண்டு, அதுவும் நேரிய இடம்.

யூனிக்ஸ் உட்கரு எம்மொழியும் அறியாது. அதற்குப் பெயர் என்பது பைட்டு வரிசை. சுழியாகிய பைட்டும் சாய்கோட்டின் பைட்டும் மட்டுமே பெயரில் வரலாகாது. உலக எழுத்துகளையெல்லாம் ஒரே குறியீட்டில் அடக்க முற்பட்டபொழுது, ஏதேனும் ஓர் எழுத்தின் உள்ளே சாய்கோட்டின் பைட்டு தற்செயலாக வந்துவிட்டால் பாதை அங்கே முறிந்துவிடும். இவ்விடர் வாராத குறிமுறை வேண்டுமென்பதனாலேயே, 'கோப்பமைப்புக்குத் தீங்கற்றது' என்னும் பொருள்பட ஒரு முறை தேடப்பட்டது. 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சி உணவகமொன்றில் தட்டின் கீழ் இடும் தாளில் அதனை வரைந்தவர் அதே கென் தாம்சன்; உடனிருந்தவர் ராப் பைக். யூடிஎப்-8 என்று இன்று வழங்குவது அதுவே. தமிழ் அறியாத உட்கரு தமிழ்ப் பெயரைச் சிதைக்காது தாங்குவதற்கு அந்தத் தாளே காரணம்.

அதற்குமுன் தமிழ்க் கணிமை பட்ட பாடு பெரிது. எழுத்துரு ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிமுறை; ஒருவர் தட்டெழுதியது மற்றவர் திரையில் புரியாத குறிகளாகத் தோன்றும். அக்குழப்பத்தைத் தீர்க்க வழிகாண 1997 மே திங்களில் சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 மாநாடு கூடியது. அதனை முன்னின்று கூட்டிய நா. கோவிந்தசாமி ஆசிரியர் பயிற்சித் துறையைச் சேர்ந்தவர் என்பது தமிழாசிரியர்க்குப் பெருமை தருவது.

யூடிஎப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு பெறும். கோப்பு என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இலக்கணப்படி எழுத்து மூன்று: கோ, ப், பு. கணினிக் கணக்கிலோ ககரம், ஓகாரக் குறி, பகரம், புள்ளி, பகரம், உகரக் குறி என ஆறு. ஆகவே 18 பைட்டு. ஏழாம் பதிப்பின் 14 பைட்டுக்குள் கோப்பு என்னும் சொல்கூட அடங்கியிராது! 255 பைட்டு என்னும் எல்லையும் தமிழுக்கு 85 குறிகளாகக் குறுகிவிடுகின்றது. உயிர்மெய்கள் பெரும்பாலும் இரண்டு குறி பெறுதலின், நீண்ட தலைப்பை அப்படியே கோப்புக்குப் பெயராக இடும் பழக்கமுடையோர் எல்லையைத் தொட்டுவிடுதல் எளிது. விண்டோஸ் குறிகளை வேறு கணக்கால் எண்ணுதலின் அங்கே 100 குறிகொண்ட தமிழ்ப் பெயரும் செல்லும். அவ்வடைவை லினக்ஸ் கணினிக்குப் படியெடுத்தால் அக்கோப்பு மட்டும் ஏறாது. பைத்தானின் மரப்படிச் செயற்கூறு இடையில் நில்லாமல் மற்றவற்றை எடுத்து முடித்து, தவறியவற்றை இறுதியில் பட்டியலிட்டுக் கூறும். அப்பட்டியலைப் படியாதோர் கோப்பை இழப்பர்.

அடைவைப் பட்டியலிடுவதிலும் ஒரு செய்தி. உட்கரு பெயர்களை எவ்வொழுங்குமின்றித் தரும். அவற்றை நிரல் வரிசைப்படுத்தினால் குறியெண் வரிசையே வரும், அகரவரிசை வாராது. பலகை, பவளம், பழம், பள்ளி, பறவை, பனை என்பது அகராதி முறை. கணினி தருவதோ பனை, பறவை, பலகை, பள்ளி, பழம், பவளம். நெடுங்கணக்கில் இறுதியில் நிற்கும் னகரத்தை நகரத்தின் அருகில் வைத்த குறியெண் பட்டியலால் வந்த விளைவு இது.

இவற்றினும் நுட்பமானது ஒன்று உண்டு. ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். முன்னிற்கும் இரட்டைச்சுழிக் கொம்பு, பின்னிற்கும் கால் என இரண்டு குறியாகப் பிரித்தும் எழுதலாம். ஒருங்குறித் தரம் இரண்டையும் ஒன்றெனவே கொள்கின்றது; கண்ணுக்கும் வேறுபாடில்லை. ஒகர, ஔகாரக் குறிகளும் இத்தகையனவே. 1998இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட எச்எப்எஸ் பிளஸ் என்னும் கோப்பமைப்பு, பெயர்களைப் பிரித்த வடிவிலேயே எழுதி வைத்தது. பிறவற்றில் தட்டெழுதியது தட்டெழுதியவாறே நிற்கும். 2017இல் வந்த ஏபிஎப்எஸ் அமைப்பு, கொடுத்த வடிவைக் காத்துக்கொண்டு இரண்டையும் ஒன்றெனக் கொள்கின்றது. லினக்ஸ் உட்கருவோ வழக்கம்போல் பைட்டுகளை மட்டும் பார்க்கின்றது. பழைய மேக்கிலிருந்து வந்த அடைவையும், மலேசியப் பள்ளியொன்றின் விண்டோஸ் கணினியிலிருந்து வந்த அடைவையும் லினக்ஸில் ஒன்றாகக் கொட்டினால், கோப்பு என்னும் பெயரில் இரண்டு கோப்புகள் அருகருகே நிற்கும். பைத்தான் நிரல் அவற்றை ஒப்பிட்டு வேறு என்றே விடை கூறும். யூனிகோட்டேட்டா என்னும் தொகுதியிலுள்ள சீராக்கும் செயற்கூற்றைக் கொண்டு இரண்டையும் ஒரு வடிவாக்கிய பின்னரே ஒன்று என்று கூறும். அதுவரை ஒன்று 18 பைட்டு; மற்றொன்று 21 பைட்டு. திரையில் இரண்டும் கோப்பு.